ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 2029இல்தான் அவருக்கு வாக்களிக்கக் கிடைக்கும் முதல் இலங்கை ஜனாதிபதித் தேர்தல். ஆனால் 2024இல் வீட்டுக்குள் தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லையாம். "ஆள் நேர்மையானவரா என்று மட்டும் பார், கட்சிகள் எல்லாம் ஒன்றுதான்" என்கிறார் அப்பா. "ஆளை விடு, அவருக்குப் பின்னால் நிற்கிற கட்சியைப் பார்" என்பது மாமாவின் வாதம். சுயேச்சையாக நிற்பவர்கள்தான் சுத்தமானவர்கள் என்று அண்ணன் சொல்கிறார். இதில் யார் சொல்வது சரி, வெல்ல மாட்டார் என்று தெரிந்த ஒருவருக்குப் போட்டால் வாக்கு வீண்தானா என்பது கேள்வி.

நான் திருமலையில் (திருகோணமலையில்) ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் கடமைக்கு மூதூர்ப் பக்கமும் தம்பலகாமம் பக்கமும் பல தடவை போயிருக்கிறேன். இது என் கருத்து. கூடவே எனக்குத் தெரிந்த சட்டத்தையும் கணக்கையும் சொல்கிறேன்.

நான் மாமாவின் பக்கம்தான் சாய்கிறேன். நேர்மை ஒருவரின் மனதுக்குள் இருப்பது. மேடையில் நின்று பேசும்போதோ தொலைக்காட்சியில் சிரிக்கும்போதோ அது நமக்குத் தெரியாது. ஆனால் அவர் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், நாளைக்குத் தவறு செய்தால் அவரை இழுத்து நிறுத்த யாருக்குப் பலம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம். நேர்மையில் நம்மால் சோதித்துப் பார்க்கக்கூடிய பங்கு அந்தத் தொடர்புகளில்தான் இருக்கிறது. அதனால் கட்சித் தொடர்பைக் கறையாக எண்ணி ஒதுக்காமல், அதைத்தான் முதலில் கிளறிப் பார்க்க வேண்டும்.

நம்முடைய மாவட்டத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2010, 2015, 2019 ஆகிய மூன்று தேர்தல்களிலும் திருகோணமலை மாவட்டத்தில் முதலிடம் வந்த சின்னம் அன்னம். 2010இல் அந்தச் சின்னத்தில் நின்றவர் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. 2015இல் மைத்திரிபால சிறிசேன. அதற்கு இரண்டு மாதம் முந்திவரை அவர் எதிர்த்தரப்பான ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர். 2019இல் ஐக்கிய தேசியக் கட்சியின் பிரதித் தலைவர் சஜித் பிரேமதாச. 2010இல் ஏறத்தாழ 54 வீதம், அடுத்த இரண்டு தடவையும் 72 வீதமளவில் நாங்கள் அன்னத்துக்குப் போட்டோம். மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு பழைய வீடுகளிலிருந்து வந்தவர்கள். அன்னம் புதிய ஜனநாயக முன்னணியின் சின்னம். அந்த மூவரில் ஒருவருக்கும் அது பிறந்த வீடு இல்லை. கூட்டணிக்காரர்கள் சேர்ந்து வாடகை வீடு மாதிரி எடுத்துக்கொண்டது.

ஏன் வாடகைக்கு எடுக்க வேண்டி வந்தது? நம் அரசியலமைப்பின் 31ஆவது உறுப்புரையைப் பார்த்தால் அதில் ஒரு காரணம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று நியமித்தால் தகுதியுள்ள எந்தப் பிரஜையும் ஜனாதிபதி வேட்பாளராகலாம். அப்படி ஒரு கட்சி இல்லாமல் நிற்பதென்றால், அவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவான உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். பொன்சேகா அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றவரல்ல. ஆகவே அவருக்கு ஒரு கட்சியின் பெயர் கட்டாயம் தேவைப்பட்டது.

தங்கச்சி, உங்கள் அண்ணனுக்கு இந்த உறுப்புரையை வாசித்துக் காட்டுங்கள். நம் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் 'சுயேச்சை' என்று நிற்பவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகிப் போய் வந்தவர். ஏதோ ஒரு கட்சியோ அணியோ ஒரு காலத்தில் அவரைத் தூக்கி விட்டிருக்கும். கட்சி வாசமே படாத சுயேச்சை என்று ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினம். 2024இல் ரணில் விக்கிரமசிங்க சுயேச்சையாக எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் நின்றார். அவர் ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர். அதற்கு மேலே, 2022 ஜூலை 20இல் பாராளுமன்றம் அவரை 134 வாக்குகளால் ஜனாதிபதியாகத் தெரிவு செய்தபோது அதில் பெரும் பகுதி ராஜபக்ச குடும்பத்தின் பொதுஜன பெரமுன உறுப்பினர்களுடையது. அவர் கடன்பட்டிருந்த இடம் எது என்பதை வாக்குச் சீட்டில் இருந்த 'சுயேச்சை' என்ற சொல் நமக்குச் சொல்லவில்லை.

தமிழ்ப் பொது வேட்பாளர் என்று சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரனும் சுயேச்சைதான். மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் என்பதால்தான் அவரால் அப்படி நிற்க முடிந்தது. அவர் தமிழரசுக் கட்சிக்காரர். ஆனால் அந்தக் கட்சியின் மத்திய செயற்குழு செப்டெம்பர் 1ஆம் திகதி கூடி சஜித்தை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. கட்சி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று திருமலையில் எத்தனை வீடுகள் அந்த மூன்று வாரமும் இரண்டுபட்டன என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடும் அதில் ஒன்று.

இனி சிறிசேனவின் கதைக்கு வருகிறேன். நேர்மையைப் பற்றி எனக்குப் பாடம் தந்தது அதுதான். 2006 ஏப்ரலில் சம்பூரிலிருந்து ஓடி வந்த சனம் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் எட்டு, ஒன்பது வருடம் இருந்தது. என் பழைய மாணவர்கள் சிலருக்கு அந்தக் கொட்டில்களில்தான் பிள்ளைகள் பிறந்தார்கள். 2015இல் சிறிசேன வந்த பிறகு, முதலீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த 818 ஏக்கர் காணியின் வர்த்தமானி மே மாதம் இரத்தானது. அடுத்த வருடம் கடற்படை வைத்திருந்த 237 ஏக்கரும் திரும்பி வந்தது. தன் வளவில் இடிந்து கிடந்த கிணற்றைத் தூர் வாரிய ஒரு தாய், "இந்த மனிசன் சொன்னதைச் செய்திட்டுது" என்று என்னிடம் சொன்னார். அது உண்மை. சம்பூரில் அந்த மனிதர் சொல் தவறவில்லை.

அதே மனிதர் 2018 ஒக்டோபர் 26 இரவில், தான் யாரைத் தோற்கடித்து வந்தாரோ அந்த மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பின் பாராளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்ன பிறகுதான் நாடு மூச்சு விட்டது.

இப்போது அப்பாவிடம் கேளுங்கள்: இவர் நேர்மையானவரா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வராது. ஆனால் கட்சித் தொடர்பைப் பார்த்திருந்தால் இந்த ஆபத்து 2015இலேயே தெரிந்திருக்கும். அவருக்கு வாக்குச் சேர்த்தவர்கள் ஐக்கிய தேசியக் கட்சியும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் முஸ்லிம் கட்சிகளும். வென்ற உடனே அவர் தலைவரானது சுதந்திரக் கட்சிக்கு. அந்தக் கட்சியில் பாதிப் பேர் மகிந்தவின் ஆட்கள். வாக்குச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அவரைக் கேள்வி கேட்கும் உரிமை எந்தக் கட்சிக் கூட்டத்திலும் இல்லை. அவர் தினமும் போய் உட்கார்ந்த கட்சிக் கூட்டத்திலோ, தங்கள் பக்கம் அவர் திரும்பி வருவதற்காகவே காத்திருந்தார்கள். இரவல் சின்னத்தில் வென்றவரைக் கட்டி வைக்கக் கயிறு இல்லை.

கோட்டாபய ராஜபக்ச வேறு மாதிரி. 2019இல் அவருக்கு வாக்குக் கேட்டவர்கள் சொன்னது, அவர் அரசியல்வாதி இல்லை, நிர்வாகி, காரியத்தை முடிப்பவர் என்பதுதான். அவரும் அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. நம் மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தது 23 வீதமளவில்தான், ஆனால் நாடு அவரை 52 வீதத்தால் தெரிவு செய்தது. கட்சி அவர் அண்ணன் மகிந்தவுடையதாகவும் குடும்பத்துடையதாகவும் இருந்தபோது, "இது வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர் யாரும் அருகில் இல்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தியபோது கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா வயல்காரர்கள் பட்ட பாட்டை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கு என்று ஒரு செயலணியை அவர் அமைத்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில், அமைத்தபோது ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அவர் கட்சிக்குள் அதை உரத்துக் கேட்க ஆள் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2022 மே 10ஆம் திகதி மகிந்த குடும்பத்தோடு நம் ஊர்க் கடற்படைத் தளத்துக்கு வந்து ஒதுங்கியதும், வாசலில் சனம் கூடியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அப்படியென்றால் பலமான கட்சி இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. கட்சி ஆளைக் கட்டி வைக்கிறது என்றால், எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இதைப் பற்றி ஒரு நல்ல விவாதம் கேட்டேன். ஒருவர் கிண்ணியாவைச் சேர்ந்த கொத்தனார், சஜித்தின் சின்னமான தொலைபேசிக்குப் போடப் போகிறார். இன்னொருவர் திருக்கடலூர் மீனவர், சங்குக்காரர். மூன்றாவது, பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்த ஒரு தம்பி, அநுரவின் சின்னமான திசைகாட்டிக்காரர்.

அநுர குமார திசாநாயக்கவின் மேல் ஊழல் குற்றச்சாட்டு இல்லை, அது ஒன்றே போதும் என்று தம்பி சொன்னார். மீனவர் மறுக்கவில்லை. "ஆளைப் பற்றி நான் குறை சொல்லேல்லை. வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வேணுமெண்டு வழக்குப் போட்டது ஆர்ர கட்சி?" என்று மட்டும் கேட்டார். உண்மைதான். அநுரவின் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி தொடுத்த வழக்கில் 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. சுனாமிக்குப் பிறகு உதவிப் பணத்தைப் பகிர ஒரு பொதுக் கட்டமைப்பு வந்தபோது, அதை எதிர்த்து 2005இல் அரசாங்கத்தை விட்டு வெளியேறியதும் அதே கட்சிதான். கடலோரத்தில் வீடிழந்தவர்கள் அதை மறக்கவில்லை. அநுர இப்போது நின்ற தேசிய மக்கள் சக்தி என்பது 2019இல் உருவான பெரிய கூட்டு, பழைய கட்சி இல்லை என்று தம்பி சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டின் முதுகெலும்பு பழைய கட்சிதான் என்று மீனவர் விடவில்லை.

கொத்தனார் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "மேல நிக்கிறவர் நல்லவர் எண்டு வைப்பம். இஞ்ச அவருக்கு வாக்குக் கேட்டு வாறவன் ஆர்? அவனை நமக்குத் தெரியும்தானே."

இது மூன்று வேட்பாளர்களுக்கும் பொருந்தும் கேள்வி. ஜனாதிபதி வேட்பாளரை நாம் நேரில் அறிய மாட்டோம். அவர் நம் ஊரில் யாரை அமைப்பாளராக வைத்திருக்கிறார், மேடையில் யாரை அருகில் உட்கார வைக்கிறார் என்பதை அறிவோம். மீன்பிடியில் சுருக்குவலைக்கும் டைனமைட்டுக்கும் எதிராகப் பேசும் ஒரு வேட்பாளரின் கூட்டத்துக்கு, சுருக்குவலை வைத்திருப்பவரே கதிரையும் பந்தலும் கொடுத்ததை ஒரு தேர்தலில் நான் கண்ணால் கண்டேன். யாரென்று சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த வேட்பாளரின் பேச்சை அதன் பிறகு நான் நம்பவில்லை.

தங்கச்சி, ஊர்க்கதையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். முன்பு இல்லாத இரண்டு கடுதாசிகள் இப்போது இருக்கின்றன. ஒன்று சொத்து விபரம். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒருவரின் சொத்துப் பிரகடனத்தைக் காசு கட்டிப் பிரதி எடுக்க முடிந்தது, ஆனால் அதில் இருந்ததை இன்னொருவருக்குச் சொன்னால் குற்றமாக இருந்தது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த மூடியைத் திறந்தது. 2024இல் ஜனாதிபதி வேட்பாளர்களின் சொத்து விபரங்களைத் தேர்தல் ஆணைக்குழு தன் இணையத்தளத்திலேயே போட்டது. இரண்டாவது, தேர்தல் செலவு. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1 கோடியே 71 இலட்சம் வாக்காளர்களுக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு வேட்பாளர் 186 கோடி ரூபாவுக்குச் சற்று மேல் வரை செலவழிக்க முடிந்தது. முடிவு வந்து 21 நாளுக்குள் செலவையும், நன்கொடை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒப்படைக்க வேண்டும்.

இந்தக் கடுதாசிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மனைவியின் அண்ணன் பெயரில் இருக்கும் ஹோட்டலைச் சொல்லாது, பந்தல் போட்டவரின் பெயரையும் சொல்லாது. ஆனாலும் ஒருவர் எழுதிக் கொடுத்ததற்கும் அவர் வாழும் வாழ்க்கைக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்க உதவும். நான் 2024இல் இரண்டு மாலை உட்கார்ந்து வாசித்தேன். ஒருவர் மிகக் குறைவாகக் காட்டியிருந்ததுதான், அதிகமாகக் காட்டியிருந்தவரை விட, எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

கடுதாசியை விடவும் நான் நம்புவது பாராளுமன்றத்தில் கை தூக்கியதை. ஒருவர் தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் எப்போது, எதற்கு எதிராக வாக்களித்தார் என்று பாருங்கள். 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்று நிறைவேறியது. ஜனாதிபதிக்கு மட்டில்லாத அதிகாரத்தைத் திரும்பக் கொடுத்த திருத்தம் அது. எதிர்க்கட்சிப் பக்கத்தில் நம் வாக்கை வாங்கிப் போன சிலரும் அதற்குக் கை தூக்கினார்கள். அந்தப் பெயர்ப் பட்டியல் பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் இருக்கிறது. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்ற வாக்குறுதியையும் அதே கண்ணால் பாருங்கள். சந்திரிகா 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பேன் என்று திகதி வைத்தே சொன்னார். மகிந்த சொன்னார், சிறிசேன சொன்னார், அநுரவும் சொல்லி வந்தார். 2029இல் யாராவது மறுபடி சொன்னால், பழைய திருத்தங்களுக்கு அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று முதலில் கேளுங்கள்.

டம்மி வேட்பாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் 35 பேர், 2024இல் 39 பேரின் பெயர் சீட்டில் இருந்தது. கட்டுப்பணம் கட்சிக்காரருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000. இன்றைய விலைவாசிக்கு அது ஒரு பெரிய காசே இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அரச ஊடகத்தில் நேரம் உண்டு, வாக்கெண்ணும் நிலையத்துக்கு முகவர்களை அனுப்பும் உரிமை உண்டு. அதைப் பெரிய வேட்பாளர் ஒருவருக்கு ஒத்தாசையாகப் பயன்படுத்தவே சிலர் நிற்கிறார்கள். தனக்கு வாக்குக் கேட்காமல் இன்னொருவரைத் திட்டுவதற்கே தன் நேரத்தைச் செலவழிப்பவரைக் கண்டால் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, வெல்லாதவருக்குப் போடுவது வீணா என்ற கேள்வி. 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தலில் குமார் பொன்னம்பலம் நின்றபோதும் நம்மவர்கள் இதையே கேட்டார்கள். அவர் வெல்லப் போவதில்லை என்று தெரிந்தும் யாழ்ப்பாண மாவட்டம் அவரை முதலிடத்தில் வைத்தது. அது ஒரு செய்தி, நான் அதை மதிக்கிறேன். ஆனால் செய்தியா, காரியமா என்று ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. நம் சட்டம் இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது.

யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவர் மட்டும் நிற்பார்கள். மற்றவர்களுக்குப் போட்ட சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பம் அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அது அவருக்குச் சேரும். 2024இல் முதன்முறையாக அது நடந்தது. முதல் எண்ணிக்கையில் அநுரவுக்கும் சஜித்துக்கும் இடைவெளி 12 இலட்சத்து 71 ஆயிரம். மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் அந்த இருவருக்கும் விருப்பமாகச் சேர்ந்தவை 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. மிச்சம் 30 இலட்சம் பேர் அந்த இருவரில் ஒருவருக்கும் விருப்பம் குறிக்காமலே வீட்டுக்குப் போனார்கள். தேர்தல் கடமைக்குப் போன என்னைப் போன்றவர்கள்கூட அதைச் சனத்துக்குச் சரியாக விளக்கவில்லை என்பது எனக்கு மனவருத்தம்.

ஆகவே அண்ணனுக்குப் பிடித்தவருக்கே நீங்கள் 1 போடலாம். அப்புறம், முன்னுக்கு வரக்கூடியவர்களில் யாருடைய கட்சி அவரைக் கொஞ்சமாவது கட்டி வைக்கும் என்று நினைக்கிறீர்களோ அவருக்கு 2 போடுங்கள். ஒருவருக்கு மட்டும்தான் வாக்கு என்றால் புள்ளடி (X) போதும். இரண்டு மூன்று பேரைத் தெரிவு செய்வதென்றால் 1, 2, 3 என்று இலக்கம்தான், புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்காதீர்கள், இரண்டு புள்ளடியும் போடாதீர்கள். 2024இல் 3 இலட்சத்து 300 சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. அப்பாவுக்கும் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், நேர்மையைப் பற்றிய விவாதத்தை அவரோடு பிறகு நடத்தலாம்.